பெயர் சொல்ல விரும்பாத ஒரு தகப்பன்

“சாரே, அவிய வந்து கேட்டா நான் என்ன சொல்லணும்?”

எங்கள் வீட்டுக்கு அடுத்த பலசரக்குக் கடைக்காரர் இதைக் கேட்டபோது கடையில் வேறு யாரும் இல்லை. ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் கேட்டார். எனக்காக எடை போட்ட உளுந்தைக் காகிதத்தில் பொதிந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் வேறு இரண்டு பேர் வருவார்கள். அவர்கள் பெண் வீட்டுக்குள் நுழைய மாட்டார்கள். பக்கத்துக் கடையில் சர்பத் வாங்கிக் குடித்துக்கொண்டே, பெண் எப்படி, தகப்பனுக்குக் குடி உண்டா, வீட்டில் யாருக்காவது நோய், தீனம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போய்விடுவார்கள். படிப்பு, சம்பளம், படம் எல்லாம் கைபேசியிலேயே வந்து சேர்ந்துவிடுகிற இந்தக் காலத்திலும் இந்த விசாரிப்பு மட்டும் நிற்கவில்லை. கடைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

இந்தக் கடைக்காரருக்கு என்ன தெரியும் என்பது எனக்குத் தெரியும். என் மகளுக்குப் பதினொரு வயதில் முதன்முதலாக வலிப்பு வந்தது அவர் கடை வாசலில்தான். நல்ல மழை. தெருவில் ஆள் இல்லை. தீப்பெட்டி வாங்கப் போனவள் குடையோடு விழுந்தாள். அவர் தன் சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்து, தூக்கித் தன் ஆட்டோவில் கிடத்தி, என்னை நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூட வாசலில் ஏற்றிக்கொண்டு நெய்யூர் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது ஊர் நம்பிக்கை. அதனால் நிற்காது, ஒருக்களித்துப் படுக்க வைத்தால் போதும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அன்று மாலை சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது நான் ஒன்றுதான் சொன்னேன்.

“தம்பி, இது வெளிய போவாண்டாம்.”

“எது சாரே?” என்றார்.

அவ்வளவுதான். பதினைந்து வருடங்களாக அந்தப் பேச்சு எங்களுக்குள் வரவே இல்லை. இப்போது அவரே கேட்கிறார்.

“அவிய கேட்டா…” என்று தொடங்கினேன்.

“பொய் சொல்ல மாட்டேன்னு சொல்லல சாரே. இந்தத் தேங்காய எல்லாம் நல்ல தேங்கான்னு ஒரு நாளைக்குப் பத்துத் தடவ சொல்லுகேன்லா?” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். “இது வேற. எங்க தாங்கல்ல சிலை கிடையாது பாத்தியளா, கண்ணாடிதான் வச்சிருக்கு. ஞாயித்துக்கெழம தலைப்பா கெட்டிட்டு முன்னால போய் நின்னா என் மூஞ்சியத்தான் நான் பாக்கணும். அதுதான் பாடு.”

அவர் அய்யாவழிக்காரர். ஞாயிறு காலையில் அவர் நெற்றியில் நாமமிட்டுத் தங்கள் வழிபாட்டிடமான நிழல்தாங்கலுக்கும், நான் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு ஆலயத்துக்குமாக அநேகமாக ஒரே நேரத்தில்தான் படி இறங்குவோம்.

“யோசிச்சுச் சொல்லுகேன்” என்று உளுந்தை வாங்கிக்கொண்டு வந்தேன்.

யோசிக்க வீட்டில் நான் ஒருவன்தான். மனைவி குவைத்தில் நர்ஸ். மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது போனாள். வருடத்துக்கு ஒரு மாதம் வருவாள். எங்கள் ஊரில் ஆண்கள் வெளிநாடு போவார்கள், பெண்கள் இங்கிருந்து பிள்ளைகளை வளர்ப்பார்கள். எங்கள் வீட்டில் அது மாறிப்போனது. பள்ளியில் இயற்பியல் நடத்திவிட்டு வந்து, பெண்பிள்ளைக்கு இரட்டைப் பின்னல் போடக் கற்றுக்கொண்டவன் நான்.

வலிப்பு வந்த பிறகு தகப்பன் வேலை போய்க் காவல்காரன் வேலையே மிச்சமானது. சைக்கிள் வேண்டாம் என்றேன். குளம் வேண்டாம் என்றேன். முட்டத்துப் பாறைக்கு வகுப்பு முழுவதும் சுற்றுலா போனபோது, அவளுக்குக் காய்ச்சல் என்று நானே கடிதம் எழுதிக் கொடுத்தேன். குளியலறைக் கதவின் தாழ்ப்பாளைக் கழற்றினேன். உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாகக் கதவின் மேல் ஒரு சிவப்புத் துண்டு. காலை எட்டு மணிக்கு ஒரு மாத்திரை, இரவு எட்டு மணிக்கு ஒரு மாத்திரை. இரண்டுக்கும் என் கைபேசியில் அலாரம். இதில் எதையும் அவள் மறுத்துப் பேசியதில்லை. மறுக்காததை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வலிப்பு கடைசியாக வந்தது அவளுடைய பத்தொன்பதாவது வயதில், கல்லூரித் தேர்வு நாள் காலையில். சமையலறைத் தரையில் அவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டிருந்தேன். அந்த நிலையிலேயே ஒரு பொருத்தனை செய்தேன். ஏழு வருடம் இது வராமல் காத்தால் சபையார் முன்னால் சொல்லி நன்றி செலுத்துவேன் என்று. ஏழு என்ற எண் எப்படி வந்தது என்று தெரியாது. வாயில் வந்தது.

பிறகு வரவே இல்லை. இரண்டு மாத்திரை ஒன்றானது. அவள் படித்து முடித்து மார்த்தாண்டத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு வந்தபோது டாக்டரிடம் கேட்டேன். தாராளமாகச் செய்யலாம், பிள்ளையும் பெறலாம், ஆனால் அதற்கு முன்னால் மாத்திரையைப் பரிசீலிக்க வேண்டியிருக்கும் என்றார். “அதனால கணவருக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியாம எப்படி?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு வீட்டாரிடம் உண்மையைச் சொல்லத்தான் செய்தோம். நல்ல மனிதர்கள். காபியைக் குடித்து முடித்தார்கள். அந்த அம்மா என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜெபம் பண்ணிட்டுச் சொல்லுகோம்” என்றார். எங்கள் சபைகளில் இதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். இன்றுவரை அவர்கள் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதனால் இந்த இடம் வந்தபோது நான் பயந்தேன். பையன் கோயம்புத்தூரில் என்ஜினியர். தகப்பனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், முட்டம் போகிற வழியில் வீடு. என் மகளுக்குப் படத்திலேயே பிடித்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை. துவைத்த துணியை மடிக்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். அதில் தெரிந்தது.

“நான் சொல்லிடுகேன் அப்பா” என்றாள். “மொதல்ல பேசும்போதே அவருகிட்ட சொல்லிடுகேன். பிடிக்கலன்னா போவட்டு.”

“பொறு மக்களே. கலியாணம் கழியட்டு. பிறவு நானே சொல்லுகேன்.”

“பிறவு சொன்னா அதுக்குப் பேரு சொல்லுகதா?”

பதிலுக்காகப் பலரிடம் போனேன்.

என் அக்கா தக்கலையில் இருக்கிறாள். கேட்டவுடன் என்னை அடிக்காத குறை. “ஏலே, நீ வாயத் தொறந்து ஒண்ணும் மிண்டாத. ஒங்க அத்தானுக்கு மூச்சு இழுப்பு உண்டுன்னு எனக்குக் கலியாணத்துக்கு முன்னால எவனாவது சொன்னானா? முப்பது வருசம் அந்த விசிலக் கேட்டுட்டுத்தானே ஒறங்கினேன். செத்தா போனேன்? மனுசன்தான் போயிட்டாரு.” கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. விசில் இல்லாமல் இப்போது அவளுக்கு உறக்கம் வருவதில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் ஆயர் கண்ணை மூடி நெடுநேரம் கேட்டார். “கேட்டா மறைக்காதீங்க. கேக்காட்டா ஞானமா நடந்துகிடுங்க” என்றார். பிறகு ஜெபித்தார். ஜெபத்தில் ஞானம் என்ற சொல் மூன்று முறை வந்தது. நான்காவதாக அதை எனக்கு விளக்கமாட்டாரா என்று காத்திருந்தேன். ஆமென் சொல்லிவிட்டார்.

மனைவியின் முகம் கைபேசியில் சிறியதாகத் தெரிந்தது. சீருடையில் இருந்தாள். “இங்க தினமும் பாக்கேன். நோயாளிகிட்டயே மறச்சு வச்சிருப்பாவ, குடும்பத்துல உள்ளவிய. நல்லதுக்குன்னுதான் செய்யுவாவ. கடைசியில நோயாளிதான் எங்ககிட்ட வந்து கேப்பாரு” என்றாள். அப்படியானால் சொல்லிவிடலாமா என்றேன். “நீங்கதானே கூட இருக்கிய. நான் இங்க இருந்து என்னத்தச் சொல்ல?” என்றாள். அதில் குற்றம் சாட்டல் இல்லை. வருத்தம் இருந்தது. யாருடைய வருத்தம் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

விசாரிக்க ஆள் வரப்போகிற செய்தி முந்தின நாளே வந்துவிட்டது. கடைக்காரரிடம் போய், “ஒண்ணும் சொல்லாண்டாம்” என்றேன். அவர் தலையாட்டினார். மறுநாள் காலையில் பார்த்தால் கடையின் ஷட்டர் இறங்கியிருந்தது. பந்த் நாளில்கூடப் பாதி ஷட்டருக்கு அடியில் சாமான் கொடுப்பவர் அவர். பால் வாங்க வந்தவர்கள் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். வந்த இருவரும் எங்கள் சந்திப்பில் உள்ள டீக்கடையில் விசாரித்தார்கள். டீக்கடைக்காரருக்கு எங்களைப் பற்றி நல்லது மட்டும்தான் தெரியும். மாலையில் ஷட்டர் ஏறியது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வருவதற்கு முன் அந்தத் தாழ்ப்பாளைத் தேடி எடுத்துக் குளியலறைக் கதவில் திரும்ப மாட்டினேன். சிவப்புத் துண்டை அலமாரியில் வைத்தேன். மகள் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் குளிக்கப் போய் உள்ளே தாழ் போட்டாள். பதினைந்து வருடம் கழித்து அந்த ‘டக்’ ஒலி. வெளியே நின்று தண்ணீர்ச் சத்தம் விடாமல் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிச்சயம் நடந்தது. பிறகு ஒரு மாதம் பையன் தினமும் அழைத்தான். மகள் மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுவாள். கீழே இருந்து அவள் காலடி கேட்கும். சில சமயம் நடை சட்டென்று நிற்கும். அந்த இடத்தில் அவள் எதையோ சொல்ல வந்து விழுங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். பிறகு நடை தொடரும். நானும் மூச்சு விடுவேன்.

அந்த மாதத்தில்தான் ஏழு வருடம் நிறைந்தது.

இங்கே நான் செய்ததை விளக்கிச் சொல்வது கடினம். கல்யாணம் முடியும்வரை பொருத்தனையைத் தள்ளிப்போட்டிருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் எனக்குப் பயம் பிடித்துவிட்டது. கடவுளிடம் சொன்ன சொல் தவறினால் அது அவள் உடம்பில் திரும்ப வந்துவிடும் என்று நம்பினேன். இயற்பியல் வாத்தியார்தான். மனிதர்களிடம் உண்மையை மறைத்ததற்காக அப்படிப் பயப்படவில்லை. இதை எழுதும்போதுதான் அதன் கோணல் எனக்கே தெரிகிறது.

எங்கள் ஆலயங்களில் ஸ்தோத்திர காணிக்கைக்கு ஒரு கவர் உண்டு. மேலே காரணத்தை எழுதிக் கொடுத்தால் ஆராதனையில் வாசித்து ஜெபிப்பார்கள். பெயர் சொல்ல விரும்பாதவர்கள் அப்படியே எழுதலாம். கவர் வாசிக்கப்பட்டால் சபையார் முன் சொன்னதாக ஆகிவிடும், பெயர் இல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் சபையில் என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், மகளிடம் ஒரு நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பேச்சிப்பாறை போகும் பஸ் ஏறினேன். மலையடிவாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்னக் கிளைச்சபை. நாற்பது ஐம்பது பேர். எனக்கு ஒருவரையும் தெரியாது.

வாசலில் நின்ற கோயில்பிள்ளையிடம் கவரைக் கொடுத்தேன். அவருக்கு எழுபது வயதிருக்கும். ஆலயப் பணி செய்கிறவரை எந்த வயதிலும் அப்படித்தான் அழைப்போம். அவர் அதை வாங்கித் தட்டில் வைத்துவிட்டு மணியடிக்கப் போனார். கவரின் மேல் நான் எழுதியிருந்தது இது: ‘மகளுக்கு வலிப்பு நோய் ஏழு வருடங்களாக வராமல் காத்த தேவனுக்கு நன்றியாக, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தகப்பன்.’

கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது பீடத்தின் பக்கக் கதவு வழியாக அன்றைய பிரசங்கியார் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. என் சம்பந்தியாகப் போகிற தலைமையாசிரியர்.

ஆயர் போக முடியாத கிளைச்சபைகளுக்கு ஓய்வு பெற்ற வாத்தியார்களைப் பிரசங்கிக்க அனுப்புவது எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம். அவர் பிரசங்கம் செய்கிறவர் என்று நிச்சயத்தன்றே சொல்லியிருந்தார்கள். கடற்கரைப் பக்கத்து மனிதர் மலையடிவாரம்வரை வருவார் என்று நான் நினைக்கவில்லை. உடம்பு முடியாத வேறொருவருக்குப் பதிலாக வந்திருந்தார் என்று பிறகு தெரிந்தது.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. தன் பிரசங்கத்தைக் கேட்கவே இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அறிவிப்புகளின்போது, “என்னோட சம்பந்தியா வரப்போறவர் இன்னைக்கு நம்மளோட இருக்கார்” என்று சபையாருக்குச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள்.

கவர்கள் பீடத்தின் ஓரத்தில் பித்தளைத் தட்டில் இருந்தன. போய் எடுத்திருக்கலாம். தவறாகக் கொடுத்துவிட்டேன் என்று கோயில்பிள்ளையின் காதில் சொல்லியிருக்கலாம். ஒரு மணி நேரம் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கால் வரவில்லை என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படியும் இல்லை. ஏதோ ஒரு மூலையில், இது முடிந்துபோகட்டும் என்று இருந்தது. என் வாயால் சொல்ல முடியாததை அவர் வாயே சொல்லிவிடட்டும் என்று. அது தைரியமா, அதைவிடப் பெரிய கோழைத்தனமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் கவர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். புது வீட்டுக்காக. பேரன் பிறந்ததற்காக. அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்ததற்காக. நான்காவதை எடுத்தார். “பெயர் சொல்ல விரும்பாத ஒரு தகப்பன்” என்று கடைசி வரியை முதலில் வாசித்தார். பிறகு மேல் வரிக்குக் கண் போனது. நின்றது.

அதற்கு முந்தின வாரம்தான் ஓலைக்கு வேண்டிய விவரங்களை என் கைப்பட எழுதி அவருக்கு அனுப்பியிருந்தேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், தடை ஏதேனும் அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. அந்தக் கையெழுத்து அவருக்குப் புதிது. அதனாலேயே நன்றாக நினைவிருந்திருக்கும்.

அவர் தலை நிமிரவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “மகளுக்குக் கிடைத்த சுகத்துக்காக” என்று மட்டும் வாசித்தார். நோயின் பெயரை விட்டுவிட்டார். பிறகு எல்லாக் கவர்களுக்கும் சேர்த்து ஜெபித்தார். அதில் அந்த மகளுக்காக மட்டும் நெடுநேரம் ஜெபித்தார். யாரென்று தெரியாத பிள்ளைக்காக ஜெபிப்பது போலத்தான் இருந்தது.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு ரப்பர் மரங்களுக்கு அடியில் நின்றோம். சிரட்டைகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது.

“சார், அந்தக் கவர் உங்களுக்குள்ளதா?”

“ஆமா சார்.”

“எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. என் மகனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். “தீனம் யாருக்குத்தான் இல்ல. எனக்குச் சர்க்கரை உண்டு, அவன் அம்மைக்கு மூட்டு வலி. அதுல்ல காரியம். கர்த்தர்கிட்டச் சொல்ல இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கீங்க. எங்க வீடு இதவிடப் பக்கந்தானே சார்?”

அவரே தொடர்ந்தார்.

“பிள்ளையும் மறச்சிட்டாளே. ஒரு மாசமா தினமும் பேசுகாவ. ஒரு வார்த்த சொல்லணும்னு அவளுக்குத் தோணலியா?”

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அவள் முதல் நாளே சொல்ல நின்றாள், நான்தான் தடுத்தேன் என்று ஒரே ஒரு வரி. தலை குனிந்து நின்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படும் இடம் கவர் எழுதியது இல்லை. அந்த மரத்தடி.

வீட்டுக்கு வந்தபோது மகள் சோறு எடுத்து மூடி வைத்திருந்தாள். சாப்பிட்டுவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். கை கழுவிக்கொண்டிருக்கும்போதே அவள் கைபேசி ஒலித்தது. இந்த முறை அவள் மாடிக்குப் போகவில்லை. முற்றத்தில் நின்றே பேசினாள். நான் கேட்டது அவள் பக்கத்தை மட்டும்தான்.

“யாரு சொன்னா?… எந்தக் கோயில்ல?”

நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் அடுத்ததைச் சொன்னாள்.

“ஆமா. நான்தான் சொல்லல… இல்ல, அப்பா ஒண்ணும் சொல்லாண்டாம்னு சொல்லல. நான்தான்.”

உள்ளே வந்து தன் தட்டில் சோறு போட்டுக்கொண்டாள். மீன் குழம்பை ஊற்றினாள். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகு, “கவரு போடுகதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா அப்பா” என்றாள். “தீனம் எனக்குள்ளதுதானே.”

மன்னித்துக்கொள் என்றேன். “சாப்பிடுங்க” என்றாள்.

மூன்று நாள் கழித்துத் தலைமையாசிரியரை அழைத்து உண்மையைச் சொன்னேன். “அன்னைக்கே சொல்லியிருந்தா நான் வேற மாதிரி வீட்டுல பேசியிருப்பேன் சார். இப்ப பையன் மனசு முறிஞ்சுட்டு. அவன் அம்மையும் வேண்டாம்னு நிக்கா” என்றார். பிறகு, “பிள்ளைக்கு மருந்து முடங்காம பாத்துக்கிடுங்க” என்றார். அந்த மனிதர் மீது கோபப்பட முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அக்கா வந்து கத்தினாள். “சபை சபையாப் போய்த் தமுக்கு அடிச்சிட்டு வந்தியாலே? சம்பந்தி கையிலயே எழுதிக் குடுத்த ஆளு ஒலகத்துலயே நீ ஒருத்தன்தான்!” கத்தி முடித்துவிட்டு அழுதாள். ஆயர் இது தேவசித்தம் என்றார். அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். ஆனால் நான் செய்ததைத் தூக்கி வேறொருவர் தலையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

முதல் ஓலை வாசிக்க வேண்டிய ஞாயிறும் வந்தது. போகாமல் இருக்கலாம் என்றேன். மகள் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். இருவரும் போனோம். அறிவிப்புகளில் வேறு இரண்டு கல்யாணங்களின் ஓலை வாசித்தார்கள். மூன்றாவதாக ஒன்று வரும் என்று காது தானாகக் காத்திருந்தது. ஆயர் தாளை மடித்தார். பெண்கள் பக்கத்தில் அவள் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு மாதத்தில் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. ரயில் நிலையத்தில் என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். அம்மாவைப் போலவே நானும் கைபேசியில் ஒரு சிறிய முகமாகிவிட்டேன், அவ்வளவுதான். போன வாரம் மனைவி எனக்கு ஒரு படம் அனுப்பினாள். மகள் தங்கியிருக்கும் விடுதி அறைக் கதவின் உட்புறம். ஒரு தாளில் ஆங்கிலத்திலும் தமிழிலும் மகள் எழுதி ஒட்டியிருக்கிறாள். ‘எனக்கு வலிப்பு உண்டு. விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் வைக்க வேண்டாம். சாவி வேண்டாம்.’ கீழே இரண்டு எண்கள். ஒன்று பக்கத்து அறைப் பெண்ணுடையது, மற்றது அங்குள்ள ஆஸ்பத்திரியுடையது. படத்தை விரலால் பெரிதாக்கி மூன்றாவது எண் உண்டா என்று பார்த்தேன். இல்லை. ஆபத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களைத்தானே கூப்பிட வேண்டும். எழுநூறு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறவனை எதற்கு? சரிதான். சரிதான் என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டேன்.

அலாரத்தை இன்னும் நிறுத்தவில்லை. எட்டு மணிக்கு அது அடிக்கும்போது சமையலறையில் ஒரு டம்ளரை எடுக்கக் கை போகும். குளியலறைத் தாழ்ப்பாள் அப்படியே இருக்கிறது. ஆளில்லாத வீட்டில் நானும் அதைப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறேன்.

இன்று காலையில் கடைக்குப் போனேன். உப்பு வாங்க. கடைக்காரர் சுற்றும் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கம்.

“சாரே, நேத்து ரெண்டு பேரு வந்தாவ. நாகர்கோவில்காரங்க. மகளப் பத்திக் கேட்டாவ.”

“நீ என்ன சொன்ன?”

“நாளைக்கு வாருங்கன்னேன். எப்பளும் கடைய அடைக்க முடியுமா? ஏவாரம் கெடுகு.” சிரிக்கவில்லை. “நான் என்ன சொல்லணும்?”

“அவளுக்கு வலிப்பு உண்டு” என்றேன். கடை வாசலில் முட்டை வாங்க வந்த ஒரு பெண் நின்றிருந்தாள். அவள் காதிலும் விழுந்திருக்கும். “கலியாணம் வேணுமா வேண்டாமான்னு அவகிட்டயே கேக்கச் சொல்லு.”

“பின்ன அவ நம்பரத் தாங்க. குடுத்திடுகேன்.”

கைபேசியை எடுத்தேன். அவள் எண்ணைத் திறந்தேன். சொல்ல வாயெடுத்தவன் நிறுத்தினேன்.

“கொஞ்சம் பொறு” என்று வெளியே வந்து, கடைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நின்றேன். எட்டு மணி அலாரம் கையிலேயே அடித்தது. அணைத்துவிட்டு அவளை அழைத்தேன். நெடுநேரம் ஒலித்தது. பெங்களூரில் அவள் பஸ்ஸுக்குக் கிளம்பும் நேரம். எடுக்க மாட்டாள் என்று நினைத்தபோது எடுத்தாள்.

“மாத்திரை போட்டாச்சு அப்பா.”

“அதுக்கில்ல மக்களே. ஒண்ணு கேக்கணும்.”

அந்தப் பக்கம் அவள் காலடி சட்டென்று நின்றது.

“கேளுங்க” என்றாள்.